அசையாமல் இருக்கக் கற்பது

செயின்ட் லூயிஸிலிருந்து 44-ஆம் நெடுஞ்சாலையில் தென்மேற்காக வந்து, கியூபா என்ற சிற்றூரில் 19-ஆம் சாலைக்குத் திரும்பியதும் நேரான பாதை முடிந்துவிடுகிறது. ஸ்டீல்வில், சேலம் (ஆம், மிசௌரி மாநிலத்திலும் ஒரு சேலம் இருக்கிறது), ரவுண்ட் ஸ்பிரிங், எமினன்ஸ் என்று ஏறியும் இறங்கியும் வளைந்தும் அந்தச் சாலை ஓசார்க் மலைக்காட்டுக்குள் போகிறது. ஏப்ரல் மூன்றாவது வாரம். ஓக் மரங்கள் அப்போதுதான் துளிர்விட்டிருந்தன. இலையே இல்லாத ரெட்பட் கிளைகளில் இளஞ்சிவப்புப் பூ அப்பிக்கிடந்தது. அதற்குக் கீழே டாக்வுட் வெள்ளையாகப் பூத்திருந்தது. இந்த மாநிலத்தின் மரம் அது.

வண்டி ஓட்டியவன் என் அண்ணன் மகன். செயின்ட் லூயிஸில் வேலை பார்க்கிறான். முந்தைய வசந்தத்தில் நண்பர்களோடு கரண்ட் ஆற்றில் துடுப்புப் படகில் போனவன், மணல்திட்டில் கூடாரம் போட்டுத் தூங்கி விடியலில் ஒரு சத்தம் கேட்டு எழுந்திருக்கிறான். எதிர் மலைமுகட்டிலிருந்து உருண்டு வந்த சத்தம். காட்டு வான்கோழிச் சேவல் என்று கூட வந்த உள்ளூர்க்காரர் சொன்னாராம். அதிலிருந்து அவனுக்கு வேறு பேச்சில்லை. வேட்டைக் கல்வி வகுப்பில் சேர்ந்து தேறிவிட்டான். 1967 ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பொதுவாக இங்கே அந்தச் சான்றிதழ் இல்லாமல் தனியாகத் துப்பாக்கி எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போக முடியாது. "அத்தை, நீங்க வந்து ஒரு தடவை அந்தச் சத்தத்தைக் கேக்கணும்" என்று தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நான் சுட வரவில்லை. என்னிடம் அனுமதிச் சீட்டும் இல்லை. ஒருவன் புதிதாக வேட்டை கற்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வந்தவள்.

நமக்கு வான்கோழி என்றால் பண்ணைப் பறவை. மயிலைப் பார்த்து ஆட முயன்று தோற்றுப்போன பறவை என்று பள்ளிக்கூடத்திலேயே அதற்கு ஒரு பேர் கட்டிவிட்டோம். இந்தக் காட்டில் இருப்பது வேறு உயிர். சேவல் எட்டு முதல் பத்து கிலோ வரை கனக்கும். இரவில் உயரமான மரக்கிளையில் அடையும். ஆபத்தென்றால் அந்த உடம்போடு மரங்களுக்கு ஊடே பறந்து போய்விடும். தலையில் இறகு கிடையாது. வெறும் தோலில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்று நிறமும் அதன் மனநிலைக்கு ஏற்ப மாறிக்கொண்டேயிருக்கும். இரண்டு பக்கமும் கண் இருப்பதால் தலையைச் சற்றே திருப்பினால் சுற்றிலும் தெரியும். நிறங்களைப் பிரித்தறியும். அதற்கு மோப்பம் மட்டும் குறைவு. அதுவும் இருந்திருந்தால் ஒருவரும் இந்தப் பறவையைக் கிட்டத்தில் பார்த்திருக்க முடியாது என்று ஓசார்க்கில் எல்லோரும் சொல்கிறார்கள்.

நாங்கள் தங்கிய வீடு ஷானன் கவுண்டியில், ஜாக்ஸ் ஃபோர்க் ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. வீட்டுக்காரர் மரம் அறுக்கும் ஆலையில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர். அண்ணன் மகனோடு வேலை செய்பவரின் அப்பா. கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டவர் முதல் நாள் எங்களைத் துப்பாக்கிப் பக்கமே விடவில்லை. தன் பழைய வண்டியில் ஏற்றிக்கொண்டு பெக் ரான்ச் என்ற பாதுகாக்கப்பட்ட காட்டுக்குக் கூட்டிப்போனார். "எங்கேயிருந்து வந்ததுன்னு தெரியாம எதைச் சுடப் போறே, தம்பி?" என்று கேட்டார். அவர் பேசியது ஓசார்க் ஆங்கிலம். தொனி என்னவோ நம் ஊர்ப் பெரியவர்களுடையதுதான்.

இந்த மலைகள் ஓசேஜ் பழங்குடியினரின் வேட்டை நிலமாக இருந்தவை. 1808-இல் ஓர் ஒப்பந்தத்தில் அவர்களிடமிருந்து பறிபோயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மரக் கம்பெனிகள் வந்தன. இங்கிருந்து அதிகத் தூரமில்லாத கிராண்டின் என்ற ஊரில் அமெரிக்காவின் மிகப் பெரிய மர ஆலைகளில் ஒன்று இருந்தது. மலைச்சரிவுகளில் நின்ற பைன் மரம் முழுவதையும் வெட்டித் தீர்த்த பிறகு 1909-இல் அது இடம் மாறியது. மொட்டையான மலையில் மிச்சமிருந்தவர்கள் மாடும் பன்றியும் மேய்த்தார்கள். புல்லுக்காக ஆண்டுதோறும் தீ வைத்தார்கள். வான்கோழி தரையில் கூடு கட்டும் பறவை. பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு 28 நாள் அடைகாக்கும். தீக்கும் பன்றிக்கும் எந்த நாளும் திறந்து கிடந்த வேட்டைக்கும் நடுவே அது எப்படிப் பிழைக்கும்? 1952-இல் கணக்கெடுத்தபோது மிசௌரி முழுவதிலும் 2,500-க்கும் குறைவான பறவைகளே மிஞ்சியிருந்தன.

அதற்கு முன்பே அரசு ஒரு வைத்தியம் செய்து பார்த்தது. பண்ணையில் ஆயிரக்கணக்கில் வான்கோழி வளர்த்துக் கொண்டுவந்து காட்டில் விட்டது. ஒன்றும் நிலைக்கவில்லை. ஏன் நிலைக்கவில்லை என்று கண்டுபிடிக்க கேனி மவுண்டன் என்ற இடத்தில் தங்கி ஆராய்ந்தவர் ஸ்டார்க்கர் லியோபோல்ட். சூழலியல் எழுத்தாளர் ஆல்டோ லியோபோல்டின் மகன். 1944-இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தப் பறவையின் கதையையே திருப்பிவிட்டது. பண்ணை ரத்தம் கலந்த பறவைகளைவிடக் காட்டுப் பறவைக்கு, உடல் எடைக்கு ஒப்பிட்டால், மூளையும் சில சுரப்பிகளும் பெரியவை என்று அவர் அளந்து காட்டினார். கலப்பினம் காலத்துக்கு முன்பே இணைசேர்ந்து குஞ்சுகளைக் குளிருக்குப் பறிகொடுத்தது. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது குஞ்சுகளைப் பற்றிய செய்தி. காட்டுத் தாய் ஓர் எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் அதன் குஞ்சுகள் அந்த இடத்திலேயே தரையோடு ஒட்டி அசையாமல் கிடக்கும். பண்ணை வம்சக் குஞ்சுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. காட்டில் அந்த ஒரு வித்தியாசமே உயிருக்குப் போதும்.

பண்ணைப் பறவையால் காட்டை நிரப்ப முடியாது என்றான பிறகு ஒரே வழிதான் மிஞ்சியது. இருக்கிற காட்டுப் பறவையைப் பிடித்து, இல்லாத இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். 1954-இல் பெக் ரான்சில் அந்த வேலை தொடங்கியது. சோளத்தைத் தூவி, பறவைகள் கூடும் வரை மறைவில் காத்திருந்து, வெடிமருந்தால் வலையைப் பாய்ச்சி மேலே விழவைத்துப் பிடித்தார்கள். அட்டைப் பெட்டியில் வைத்து வேறு கவுண்டிக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டார்கள். 1960-இல் முதல் முறையாக 14 கவுண்டிகளில் மூன்று நாள் மட்டும் வசந்த வேட்டைக்கு அனுமதி தந்தார்கள். மொத்தம் சுடப்பட்டவை 94. பெரியவரின் அப்பா அந்த மூன்று நாளும் காட்டில் இருந்தாராம். ஒன்றும் கிடைக்கவில்லை. "கூவுறதைக் கேட்டேன்னு வந்து சொன்னார். அம்மா நம்பல" என்றார் பெரியவர்.

பிறகு மிசௌரியில் பெருகிய பறவைகள் மற்ற மாநிலங்களுக்கும் போயின. பதிலுக்கு மிசௌரி தன்னிடம் ஏறக்குறைய அழிந்துபோயிருந்த நீர்நாய்களைக் கூட இந்தப் பரிமாற்றத்தில் திரும்பப் பெற்றது. இத்தனைக்கும் காசு யார் கொடுத்தது? 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கி, தோட்டாக்கள் மீது விதிக்கப்படும் 11 சதவீத வரி வனவிலங்கு மீட்புக்குப் போகிறது. அதோடு 1976-இல் மிசௌரி மக்கள் தாங்களே வாக்களித்து ஒரு விற்பனை வரியை ஏற்றுக்கொண்டார்கள். எட்டு டாலருக்கு ஒரு சென்ட். சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் அந்த ஒரு சென்ட் காட்டுக்கும் ஆற்றுக்கும் போகிறது. இதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. நம் ஊரில் இப்படி ஒரு வாக்கெடுப்பு வைத்தால் நான் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

மாலையில் வீட்டுத் திண்ணையில் அடுத்த பாடம். பெரியவர் ஒரு மரப்பெட்டியை எடுத்து வைத்தார். கையகலம், ஒரு சாண் நீளம். மேலே ஆணியில் சுழலும் மூடி. மூடியின் அடிப்பக்கம் சாக்பீஸ் தடவி, பெட்டியின் மெல்லிய விளிம்பில் இழுத்தால் அச்சு அசலாகப் பெட்டையின் குரல் வருகிறது. ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றும் அமைப்பு பெரிதாக மாறவில்லை. இன்னொன்று சிலேட்டு வட்டு. சின்னக் குச்சியால் அதில் சிறு வட்டம் போட வேண்டும். மூன்றாவது வாயில் அண்ணத்தோடு ஒட்டி வைத்து ஊதும் ரப்பர் சவ்வு. அதற்குக் கை தேவையில்லை என்பதால் பழகியவர்கள் அதையே விரும்புகிறார்கள். புதிதாக வருபவருக்குப் பெட்டிதான் சரி. ஒரே மாலையில் காதுக்குப் பிடிபட்டுவிடும். பதிவு செய்த குரலை மின்கருவியில் ஒலிபரப்பி அழைப்பது இங்கே சட்டவிரோதம். தானியம் தூவி வைத்து வேட்டையாடுவதும் அப்படியே. தானியத்தை முழுவதும் அகற்றி பத்து நாள் ஆகும்வரை அந்த இடத்தில் வேட்டையாடக் கூடாது.

பெரியவர் கற்றுக்கொடுத்தது மூன்றே குரல்கள். "நான் இங்கே இருக்கேன்" என்று சொல்லும் நீண்ட அழைப்பு. மேய்ந்துகொண்டே கொடுக்கும் ஒற்றைக் 'கொக்'. மனநிறைவோடு முனகும் மெல்லிய உறுமல். நாலாவது ஒன்றையும் காட்டினார், செய்யக் கூடாது என்பதற்காக. கூர்மையான ஒற்றை 'பட்'. அது எச்சரிக்கை. அது கேட்டால் அந்த மலையில் இருக்கும் எல்லாப் பறவையும் போய்விடும்.

அண்ணன் மகன் விடாமல் பெட்டியை இழுத்துக்கொண்டே இருந்தான். பெரியவர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, காட்டுல என்ன நடக்கும் தெரியுமா? சேவல் ஓரிடத்துல நின்னு கூவும். பெட்டைதான் அதைத் தேடிப் போகும். நீ பெட்டை மாதிரிக் கூப்பிட்டு, சேவலை உன்கிட்ட வரச் சொல்றே. இயற்கையை மாத்தி நடக்கச் சொல்றே. அதுக்குச் சந்தேகம் வராம இருக்கணும்னா, ஒரு தடவை கூப்பிடு, அப்புறம் சும்மா இரு. வராத பெட்டையைத் தேடி அது வந்துதான் ஆகணும்." இந்த விளையாட்டு முழுவதும் இந்த நாலு வரியில் இருக்கிறது. பிறகு நான் கேட்டதும் பார்த்ததும் இதற்கு உரைதான்.

மறுநாள் பகல் முழுக்கத் துப்பாக்கிப் பாடம். 20 கேஜ் ரவைத் துப்பாக்கி. ரவை நான்காம் எண்ணைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்பது மிசௌரி விதி. வான்கோழியின் உடம்பில் இறகும் நெஞ்சுச் சதையும் கனமாக இருப்பதால் உடம்பைப் பார்த்துச் சுட்டால் பறவை காயத்தோடு போய்க் காட்டில் சாகும். குறி தலையும் கழுத்தும் மட்டுமே. அட்டையில் ஒரு தலையையும் கழுத்தையும் வரைந்து இருபது கஜம், முப்பது கஜம், நாற்பது கஜம் என்று நட்டு, ரவை எப்படிப் பரவுகிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். நாற்பதில் ரவைகள் சிதறிப் போயிருந்தன. அவன் கைக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் முப்பதுதான் எல்லை என்று பெரியவர் தீர்ப்புச் சொன்னார். ஒரு வெள்ளைக் குச்சியை நட்டு முப்பது கஜம் என்பது கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று அவனை மறுபடி மறுபடி பார்க்க வைத்தார்.

இதைவிட முக்கியமாக அவர் சொன்னது மனிதர்களைப் பற்றி. வான்கோழி வேட்டையில் எல்லோரும் உடல் முழுக்கக் காட்டு நிற உடையும் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, புதரில் உட்கார்ந்து, பறவைபோலவே குரல் கொடுக்கிறார்கள். ஒரு வேட்டைக்காரர் இன்னொருவரைப் பறவை என்று நினைத்துச் சுட்டுவிடும் விபத்து இதில் நடக்கிறது. அதனால் சில கட்டளைகள். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் தெரியக் கூடாது, உள்சட்டையிலும் காலுறையிலும் கூட. அவை சேவல் தலையின் நிறங்கள். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்துத்தான் உட்கார வேண்டும். கூவல் கேட்டால் அதை நோக்கிப் பதுங்கிப் போகக் கூடாது. கூவுவது பறவையா, பறவைபோலக் கூவும் ஆளா என்று யாருக்குத் தெரியும்? வேறு வேட்டைக்காரர் வருவது தெரிந்தால் கையை ஆட்டக் கூடாது, உரத்த குரலில் பேச வேண்டும். சுட்ட பறவையைத் தூக்கி வரும்போது ஆரஞ்சுத் துணியில் சுற்ற வேண்டும். நெஞ்சில் தொங்கும் தாடியைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் விரல் விசைக்குப் போகக் கூடாது.

அந்தத் தாடி கறுத்த கரடுமுரடான நார்க்கற்றை மாதிரித் தெரிகிறது. உண்மையில் அது ஒருவகை இறகு. சில பெட்டைகளுக்கும் அது முளைப்பதுண்டு. தாடி தெரிந்தால் சுடலாம் என்று சட்டம் இடம் கொடுத்தாலும், பெட்டையைத் தொடமாட்டேன் என்றார் பெரியவர். வசந்தத்தில் பெட்டைகள் கூட்டுக்கு அலையும் காலம். ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேருவதால் சில சேவல்கள் குறைந்தாலும் குஞ்சுகளின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறைவதில்லை. அதனால்தான் வசந்த வேட்டை சேவலோடு நிற்கிறது, ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமையில் தொடங்கி மூன்று வாரம் மட்டும் நடக்கிறது, ஒருவருக்கு இரண்டு பறவைதான் என்று அளவு வைத்திருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், வேட்டை கற்க வருபவர் முதல் பருவத்தில் துப்பாக்கியில்லாமல் போகலாம். அந்தி சாயும் நேரத்தில் பெரியவர் எங்களை மலைமுகட்டுக்கு அழைத்துப்போனபோது இதை உறுதியாக நினைத்தேன். வழியெல்லாம் அவர் தரையைப் படித்துக்கொண்டே வந்தார். சருகு கிளறப்பட்ட இடம், புழுதிக் குளியல் போட்ட குழி, எச்சம். சேவலின் எச்சம் நீண்டு ஒரு முனை வளைந்திருக்கும். பெட்டையுடையது சுருண்டு கிடக்கும். நெஞ்சிறகு கிடந்தால் நுனி கறுப்பா என்று பார்க்க வேண்டும். கறுப்பென்றால் சேவல். முகட்டில் நின்று வாயைக் குவித்து ஆந்தைபோலக் குரல் கொடுத்தார். 'உனக்குச் சமைப்பது யார்' என்று கேட்பதுபோல இந்த ஊரார் காதில் விழும் குரல் அது. பள்ளத்துக்கு அப்பால் ஒரு பெரிய மரத்திலிருந்து சட்டென்று பதில் வந்தது. சேவல் ஆந்தையோடு பேசவில்லை, திடீர்ச் சத்தத்தின் அதிர்ச்சியில் கூவுகிறது. அடைந்த மரம் தெரிந்துவிட்டது. அவன் என் கையைப் பிடித்து அழுத்தினான். அவன் எனக்குச் சொன்ன சத்தம் அதுதான். தொண்டைக்குள் கூழாங்கல் உருளுவதுபோல என்று எழுதினால் பாதிதான் சரி. மீதிப் பாதி நெஞ்சில் கேட்கிறது.

வீட்டுக்கு வந்ததும் உண்ணி தேடும் படலம். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, மருந்து தெளித்த உடை போட்டும் ஆளுக்கு இரண்டு மூன்று ஒட்டியிருந்தன. முதுகில் ஒற்றை வெள்ளைப் புள்ளியுள்ள 'லோன் ஸ்டார்' உண்ணி இங்கே ஏராளம். அது கடித்தால் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி ஒவ்வாமல் போய்விடுகிறது. பறவைக் கறிக்கு அந்தத் தொல்லையில்லை. பெரியவரின் மனைவி அப்படி வீட்டில் மாட்டுக்கறியை விட்டவர். வான்கோழி அவருக்குப் பொழுதுபோக்கின் பலன் இல்லை, சாப்பாடு.

முதல் விடியலில் இருட்டிலேயே போய் அந்த மரத்துக்கு நூறு கஜம் தள்ளி உட்கார்ந்தோம். அண்ணன் மகன் முன்னால் ஒரு பருத்த ஓக்கில் சாய்ந்திருந்தான். அவனுக்குப் பதினைந்து கஜம் பின்னால் பெரியவரும் நானும். குரலைத் தேடி வரும் சேவல் அவனைக் கடந்து வரட்டும் என்பது கணக்கு. விப்பூர்வில் பறவை அடங்கி கார்டினல் தொடங்கியபோது மரத்தின்மேல் கூவல் ஆரம்பித்தது. பெரியவர் சிலேட்டில் தூக்கக் கலக்கமான பெட்டைக் குரல் இரண்டு கொடுத்து நிறுத்தினார். கனத்த இறகடிப்போடு சேவல் இறங்கியது. இலைகளுக்கு நடுவே விசிறி விரிந்தது. நூறு கஜத்தில் அது ஆடிக்கொண்டே நின்றது. அதற்குள் மேலேயிருந்து நிஜப் பெட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி அதைச் சூழ்ந்தன. அவ்வளவுதான். கூவல் பள்ளத்துக்குள் போய்த் தேய்ந்தது. கூப்பிடட்டுமா என்று அவன் திரும்பிப் பார்த்தான். பெரியவர் தலையசைத்து மறுத்தார். கையில் பெட்டை இருக்கும் சேவலை எந்தப் பெட்டியும் அழைக்காது.

திரும்பும் வழியில் அவர்களிடம் முகலாய ஓவியர் மன்சூரின் வான்கோழி ஓவியத்தைப் பற்றிச் சொன்னேன். 1612-இல் முகர்ரப் கான் என்ற அதிகாரி கோவாவிலிருந்து ஒரு வான்கோழியை ஜஹாங்கீருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இதுவரை காணாத பறவை என்று வியந்த பேரரசர் தன் நினைவுக் குறிப்பில் அதன் தலை நிறம் மாறுவதை நுணுக்கமாக எழுதி, ஓவியம் தீட்டவும் உத்தரவிட்டார். மன்சூர் வரைந்த வான்கோழி இன்று லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைபேசியில் அதைக் காட்டியபோது பெரியவர் வண்டியை ஓரம் கட்டினார். படத்தைப் பெரிதாக்கி மூக்கின்மேல் தொங்கும் சதையைப் பார்த்தார். "இவர் உட்கார்ந்து பார்த்திருக்கார்" என்றார். ஓர் ஓவியருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு நான் கேட்டதில்லை.

அடுத்து வந்த ஒரு விடியலில் மூன்று இளஞ்சேவல்கள் சத்தமே இல்லாமல் வந்து நின்றன. இவற்றை இங்கே ஜேக் என்கிறார்கள். தாடி விரல் நீளம்தான். விசிறியின் நடு இறகுகள் மற்றவற்றைவிட நீட்டிக்கொண்டிருந்தன. இருபது கஜம். சட்டப்படி சுடலாம். அவனுக்குக் கால் மரத்துப்போயிருந்தது போல, முழங்காலை ஒரு விரற்கடை நகர்த்தினான். 'பட்!' மூன்று தலையும் உயர்ந்தன. அடுத்த மூச்சில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. பெரியவர் திட்டவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இந்த மூணும் பிறந்த ரெண்டாவது நாளே அம்மாகிட்ட என்ன கத்துக்கிச்சோ, அதைத்தான் நீ இப்போ கத்துக்கறே" என்றார். லியோபோல்டின் கட்டுரையைப் படித்தவரில்லை அவர். படித்தவர் சொல்லியிருந்தாலும் இதற்குமேல் சொல்ல முடியாது. துப்பாக்கி, சவ்வு, உடை எல்லாம் கடையில் கிடைக்கும். பறவையைப்போல உட்காரக் கடையில் கற்றுத்தர மாட்டார்கள்.

அதன்பின் அவன் மாறினான். முழங்காலை உயர்த்தி அதில் துப்பாக்கியை முன்கூட்டியே வைத்துவிடுவான். கொசு கண்ணிமையில் உட்கார்ந்தாலும் தட்டுவதில்லை. அப்படி ஒரு நாள், காலை பத்து மணி தாண்டி, பெட்டைகள் கூட்டுக்குப் போய்விட்ட நேரம். பொதுக்காட்டில் பகல் ஒரு மணியோடு வேட்டை முடிந்துவிடும் என்பதால் பலர் கிளம்பிப் போயிருந்தார்கள். பெரியவர் ஒரு முறை அழைத்தார். பள்ளத்தில் ஒற்றைக் கூவல். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. எனக்கு அது போய்விட்டதாகவே தோன்றியது. பெரியவர் சருகைக் கையால் இரண்டு தடவை கிளறினார், மேயும் பெட்டை கிளறுவதுபோல. கொஞ்சம் கழித்து இடப்பக்கத்திலிருந்து, காதால் கேட்பதற்கு முன் உடம்பில் உணரும் ஒரு மெல்லிய அதிர்வு. சேவல் மார்பை உப்பிக்கொண்டு எழுப்பும் முரசு அது. வெள்ளையும் நீலமுமாகத் தலை, கீழே தரையைத் தொடும் தாடி. அவனுக்கு முப்பது கஜத்தில் அவன் குறித்துவைத்த மரம் நின்றது. சேவல் அதைத் தாண்டி வந்தது. பெரியவர் மெதுவாக ஒரு 'கொக்' கொடுத்தார். அது கழுத்தை நீட்டி நிமிர்ந்தது.

வெடி கேட்ட பிறகு நாங்கள் ஓடவில்லை. துப்பாக்கியைப் பாதுகாப்பில் போட்டுவிட்டு அவன் நடந்து போனான். ஒரே ரவையடியில் முடிந்திருந்தது. இறகுகள் தூரத்தில் கறுப்பாகத் தெரிந்தவை, கையில் எடுத்தால் செம்பும் பச்சையும் வெண்கலமுமாக வெயிலுக்கு ஏற்ப மாறின. கால் முள் ஒரு அங்குலத்துக்கு மேல். அவன் கண் கலங்கியது. பெரியவரும் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். என் வீட்டில் கோழி அறுக்கும்போது யாரும் இப்படி நின்றதில்லை. எனக்கும் வருத்தமாக இருந்தது, இருந்தும் அவன் செய்தது தவறென்று தோன்றவில்லை. இரண்டையும் அப்படியே எழுதுகிறேன்.

அனுமதிச் சீட்டில் அங்கேயே வெட்டுக்குறி போட்டு, இரவு பத்து மணிக்குள் கைபேசி வழியே மாநில வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு பறவையும் அப்படிக் கணக்கில் ஏறுகிறது. 2004-இல் மிசௌரியில் வசந்த வேட்டைக் கணக்கு 60,000-ஐத் தாண்டியது. அந்த எண்ணிக்கை மறுபடி வரவில்லை. குஞ்சுகள் பிழைப்பது குறைந்திருக்கிறது. மழைக்கால ஈரம், கூட்டைத் தின்னும் விலங்குகள், மாறிவரும் நிலம் என்று காரணங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

காட்டு வான்கோழியின் நெஞ்சுக்கறியை அவர்கள் மெல்லிய துண்டாக வெட்டி மாவில் புரட்டிப் பொரித்தார்கள். தொடையையும் காலையும் வழக்கமாகச் சிலர் எறிந்துவிடுகிறார்களாம். நாள் முழுக்க மலையேறும் கால், நார் கடினம். நான் அதைக் கேட்டு வாங்கி, நசுக்கிய மிளகும் பூண்டும் வெங்காயமும் போட்டு, சிறு தீயில் மூன்று மணி நேரம் வேகவைத்தேன். எலும்பைவிட்டுக் கழன்று வந்தது. பெரியவரின் மனைவி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், செய்முறையும் எழுதிக்கொண்டார்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வனத்துறை பொதுமக்களிடம் ஒரு வேலை கேட்கிறது. வழியில் காணும் பெட்டைகளையும் குஞ்சுகளையும் எண்ணி எழுதி அனுப்ப வேண்டும். அண்ணன் மகன் அதில் சேர்ந்துகொண்டான். ஜூலையில் ஒரு நாள் அவன் கூப்பிட்டபோது நான் சென்னையில் இருந்தேன்.

"அத்தை, நேத்து ரோட்டோரம் ஒரு பெட்டை. குஞ்சுங்களோட."

"எத்தனைடா?"

"தெரியலை. நான் வண்டியை நிறுத்தினதும் அது ஒரு சத்தம் கொடுத்துச்சு. எல்லாம் புல்லுக்குள்ள காணாமப் போச்சு. எஞ்சினை அணைச்சுட்டு உட்கார்ந்தேன்."

"அப்புறம்?"

"ரொம்ப நேரம் கழிச்சு ஒவ்வொண்ணா எந்திரிச்சு வந்துச்சு. ஆறு. எழுதி அனுப்பிட்டேன்."